மத்தியானத்தில் வந்து நிற்பவள்

காரைக்காலில் நிக்காஹ் ஆகட்டும், புதுவீடு குடிபோவது ஆகட்டும், ஊரைக் கூட்டிச் சாப்பாடு போடுவதென்றால் கைருன்னிஸாவின் கடையைத் தேடித்தான் ஆள் வரும். பிரியாணி தேக்சா, அண்டா, நாலு பேர் சுற்றி உட்கார்ந்து சாப்பிடும் சஹன் தட்டு, ஜமுக்காளம் எல்லாம் அங்கே வாடகைக்குக் கிடைக்கும். கணவர் மௌத்தான பிறகு கடையைக் கைமாற்றிவிடச் சொன்னவர்கள் பலர். அவள் யார் பேச்சையும் கேட்கவில்லை. நாலு மாதம் பத்து நாள் வீட்டுக்குள்ளேயே இத்தா இருந்து முடிந்ததும் வெள்ளைத் துப்பட்டியை இழுத்துப் போட்டுக்கொண்டு கல்லாவில் போய் உட்கார்ந்தாள்.

திரும்பி வரும் பாத்திரங்களை அவள் எண்ணுவதில்லை. கொண்டுவந்தவனின் முகத்தைத்தான் பார்ப்பாள். பித்தளைக் கரண்டியை வீட்டில் வைத்துக்கொண்டு தகரக் கரண்டியைச் செருகி அனுப்புகிறவன் வண்டியைவிட்டு இறங்கும்போதே எச்சில் விழுங்குவான் என்பாள். சொன்னது பெரும்பாலும் சரியாகவே இருக்கும். அவளை ஏமாற்றிச் சாமான் கொண்டுபோனவர்கள் ஊரில் யாரும் இல்லை. ஆனால் அந்தக் கண்ணை அவள் கடையில் கழற்றி வைத்துவிட்டு வரவில்லை. சாயங்காலம் அது அவளோடு வீட்டுக்கும் வந்தது.

வீட்டில் இருந்தது மருமகள் ஜஸீலா மட்டும். மகன் இஃபாத் கத்தாரில் ஒரு ஹோட்டலில் வேலை. ஜஸீலா வேறு யாருமில்லை, கைருன்னிஸாவின் தம்பி ஜவஹர் அலியின் மகள்தான். அவர்கள் வழக்கப்படி கல்யாணமானாலும் பெண் தன் தாய் வீட்டில்தான் இருப்பாள், மாப்பிள்ளைதான் அங்கே வந்துபோவான். ஜஸீலாவுக்குத் தாய் இல்லை. ஆண்கள் மட்டும் இருக்கும் வீட்டில் அவளை விட மனமில்லாமல் கைருன்னிஸா தன்னோடு அழைத்து வந்துவிட்டாள். சின்ன வயதிலிருந்து 'மாமி, மாமி' என்று முந்தானையைப் பிடித்துக்கொண்டு திரிந்த பிள்ளை. மருமகளாகி வீட்டுக்குள் வந்ததும் பேச்சு குறைந்துபோயிற்று. கேட்டதற்குப் பதில் சொல்வாள், வேலையைச் செய்வாள், அறைக்குள் போய்விடுவாள். உள்ளே என்ன நினைக்கிறாள் என்று கைருன்னிஸாவால் படிக்க முடியாத முகம் ஊரிலேயே அது ஒன்றுதான்.

நோன்பு மாதத்தில் அது ஆரம்பித்தது. பள்ளிவாசல்களுக்குக் கஞ்சி அண்டா போய்வரும் காலம், கடையில் மூச்சுவிட நேரமில்லை. விடியுமுன் சஹருக்கு எழுந்து சமைத்து, தொழுது, கடையைத் திறந்தால் மத்தியானம் லுஹர் தொழுகைக்குத்தான் வீடு திரும்புவாள். அன்றும் அப்படி வந்து அறையில் மல்லாந்து படுத்தவள்தான். எப்போது தூங்கினாள், எப்போது கண் திறந்தது, எதுவும் தெரியவில்லை. மின்விசிறி சுற்றுவது தெரிந்தது. தெருவில் பழைய பேப்பர்க்காரன் கூவிக்கொண்டு போவது கேட்டது. எழுந்திருக்க நினைத்தாள். உடம்பு கேட்கவில்லை. விரலைக்கூட அசைக்க முடியவில்லை. காதுக்குள் மண்ணெண்ணெய் அடுப்பு எரிகிற மாதிரி ஓர் இரைச்சல். பிறகு கதவுப் பக்கம் துணி உரசியது.

யாரோ ஒருத்தி உள்ளே வந்தாள். கால்மாட்டில் நின்றாள். முகம் பிடிபடவில்லை. தலையில் போட்டிருந்த துணியின் ஓரம் மட்டும் தெரிந்தது. மெல்லக் குனிந்தாள். நெஞ்சின்மேல் மூட்டையைத் தூக்கி வைத்தது மாதிரி பாரம் ஏறியது. கைருன்னிஸா கத்தினாள். கத்தல் தொண்டையைத் தாண்டவில்லை. பயத்துக்கு ஓதும் ஆயத்துல் குர்ஸியை வாய்க்குள்ளேயே ஓத முயன்றாள். பாதியில் வார்த்தை மறந்துபோனது, அதுதான் அவளை இன்னும் பயமுறுத்தியது. எவ்வளவு நேரம் போயிற்றோ, கயிறு அறுந்த மாதிரி உடம்பு சட்டென்று விடுபட்டது. எழுந்து உட்கார்ந்தாள். அறையில் யாருமில்லை. கதவு ஒருச்சாய்த்துத் திறந்திருந்தது.

வெளியே ஓடிவந்தாள். கூடத்தில் ஜஸீலா சுவரோரம் நின்றுகொண்டிருந்தாள். முகமெல்லாம் வேர்வை.

"என் ரூமுக்குள்ள வந்தியா?"

"இல்லையே மாமி."

"கதவு தொறந்து கெடக்கு?"

"காத்துக்குத் தொறந்திருக்கும் மாமி." சொல்லிவிட்டு ஜஸீலா எச்சில் விழுங்கினாள்.

கைருன்னிஸாவுக்கு அது போதும்.

மறுநாளிலிருந்து தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு படுத்தாள். ஒன்றும் வரவில்லை. 'அப்படியென்றால் அவள்தான்' என்று முடிவு கட்டினாள். பெருநாள் கழிந்து ஒரு மத்தியானம், தாழ்ப்பாள் போட்டபடியே இருக்க, அதே இரைச்சல், அதே துணி உரசல். இந்த முறை அவள் தலைமாட்டுக்கே வந்துவிட்டாள். எழுந்ததும் கைருன்னிஸா தாழ்ப்பாளைப் பார்த்தாள். போட்டது போட்டபடி இருந்தது. தாழ்ப்பாளைத் திறக்காமல் வருகிறவளுக்கு வேறு வழி இருக்கிறது என்று அவள் புத்தி ஓடியது. குடிப்பதில் ஏதோ கலந்து கொடுக்கிறாள், மயங்கியதும் இப்படி ஆகிறது. அன்றிலிருந்து ஜஸீலா போட்டுவைக்கும் டீயை வாஷ்பேசினில் கொட்டினாள். 'எனக்கு இப்பல்லாம் வயித்துக்கு ஒத்துக்கல' என்று தனக்குத் தானே அடுப்பு வைத்துக்கொண்டாள். ஜஸீலா ஒன்றும் கேட்கவில்லை. கேட்காததும் கைருன்னிஸாவின் கணக்கில் ஒரு குற்றமாகச் சேர்ந்தது.

டீயை விட்டபிறகும் அது வந்தது.

இதைக் கடை வண்டியோட்டி கருப்பையனிடம் மட்டும் வேறு யாருக்கோ நடந்த மாதிரி சொல்லிப் பார்த்தாள். கருப்பையன் நெடுங்காட்டுக்காரர். கணவர் காலத்திலிருந்தே கடையில் இருப்பவர்.

"அது அமுக்குவான்ம்மா," என்றார் அவர், தேக்சாவை உருட்டிக்கொண்டே. "எங்க ஊர்ல எல்லாருக்கும் தெரியும். நெஞ்சுல ஏறி உக்காந்து அமுக்கும். கத்துனாலும் சத்தம் வராது."

"சும்மா வருமா அது?"

"சும்மாவும் வரும்மா. ஆகாதவங்க யாராச்சும் ஏவி விட்டாலும் வரும்னு சொல்லுவாங்க."

அவர் முதலில் சொன்னதைக் கைருன்னிஸா காதில் வாங்கவில்லை. இரண்டாவதை மட்டும் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள்.

அன்றிரவிலிருந்து ஜஸீலாவின் பேச்சைக் கவனிப்பது அவளுக்கு ஒரு வேலையாகவே ஆகிவிட்டது. இஃபாத் வேலை முடிந்து அறைக்குத் திரும்பும்போது இங்கே நள்ளிரவு தாண்டியிருக்கும். அப்போதுதான் ஜஸீலாவின் செல்போன் அடிக்கும். இரண்டு அறைக்கும் நடுவில் ஒற்றைச் சுவர்தான். சொற்கள் புரியாது, முணுமுணுப்பு மட்டும் கேட்கும். இடையிடையே 'மாமி' என்ற சொல் மட்டும் தெளிவாக விழும். அந்தப் பேச்சு ஓயும்வரை கைருன்னிஸாவும் படுக்கையில் கண்ணை மூடாமல் கிடப்பாள். ஓய்ந்த பிறகு, 'மாமி' என்றது எதற்காக இருக்கும் என்று யோசித்துக்கொண்டு கிடப்பாள்.

ஒருநாள் ஜஸீலா தன் வாப்பாவைப் பார்த்துவர வெளியே போயிருந்தாள். கைருன்னிஸா அவள் அறைக்குள் நுழைந்தாள். அலமாரியைப் பார்த்தாள், மேசையைப் பார்த்தாள். சந்தேகப்படும்படி எதுவும் இல்லை. படுக்கையைத் தட்டிப்போடுகிற மாதிரி தலையணையைத் தூக்கினாள். அடியில் ஒரு கத்தி இருந்தது. அடுப்படியில் சில வாரங்களாகக் காணாமல் போயிருந்த மீன் கத்தி.

அவள் கத்தியைத் தொடவில்லை. இருந்த இடத்திலேயே தலையணையை வைத்துவிட்டு வெளியே வந்து மகனுக்கு வாட்ஸ்அப்பில் அடித்தாள். அவன் வேலைக்கு இடையில் எடுத்தான்.

"ஒன் பொண்டாட்டி தலகாணிக்கடியில கத்தி வச்சிக்கிட்டுப் படுக்குறா தம்பி. என்னய என்ன செய்யப் போறா?"

மறுமுனையில் இஃபாத் நடந்துபோய் ஒரு கதவைச் சாத்துவது கேட்டது.

"ம்மா, இத ஒங்ககிட்ட எப்புடி கேக்குறதுன்னு நானே முழிச்சிக்கிட்டு இருந்தேன். நீங்க மத்தியானத்துல அவ ரூமுக்குப் போறீங்களா?"

"இன்னக்கித்தான் போனேன். எதுக்கு கேக்குற?"

"அவ தூங்கறப்ப நீங்க உள்ள வந்து நிக்கிறீங்களாம். கழுத்துல கை வைக்கிறீங்களாம். அவளுக்கு எந்திரிக்க முடியலயாம். நோன்புலேருந்து சொல்லிக்கிட்டு இருக்கா. நான்தான் அப்புடியெல்லாம் இருக்காதுன்னு சொல்லி வச்சிருக்கேன்."

கைருன்னிஸாவுக்குக் கோபம் வந்தது. செய்கிறவள் அவள், பழி தன்மேலா! எவ்வளவு கெட்டிக்காரி! மகன் 'ம்மா, ம்மா' என்று கூப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே போனை வைத்துவிட்டாள்.

ஜஸீலா வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் பிடித்துக்கொண்டாள்.

"நான் ஒன் கழுத்த நெரிக்க வந்தேனா?"

ஜஸீலா ஒற்றைச் செருப்போடு நின்றாள். ஆனால் பின்வாங்கவில்லை. "வந்தீங்க மாமி. நான் பாத்தேன்."

"என் மூஞ்சியப் பாத்தியா?"

"மூஞ்சி தெரியல. வெள்ளத் துப்பட்டி தெரிஞ்சிச்சி. இந்த வீட்டுல வெள்ளத் துப்பட்டி போடுறது நீங்கதானே?"

"அதுக்குத்தான் கத்தி வச்சிருக்கியா?"

"இரும்ப வச்சிக்கிட்டா வராதுன்னாங்க. வர்றது ஜின்னா இருந்தா போயிடட்டும். போகலன்னா..."

"போகலன்னா நான்தான்னு தெரிஞ்சிக்கலாம்னு வச்சே."

ஜஸீலா அழ ஆரம்பித்தாள். அழுகையைப் பார்த்து ஏமாறுகிறவள் இல்லை கைருன்னிஸா. கருப்பையனிடம் தான் சொன்னது எப்படியோ இவள் காதுக்குப் போய், அதையே திருப்பிச் சொல்கிறாளோ என்று தோன்றியது. சோதித்துப் பார்க்க ஒரு வழி இருந்தது. கருப்பையனிடம்கூடச் சொல்லாத ஒன்று அவளிடம் இருந்தது.

"நான் உள்ள வர்றதுக்கு முன்னாடி ஒனக்கு ஏதாச்சும் கேக்குமா?"

ஜஸீலா மூக்கை உறிஞ்சினாள். "காதுக்குள்ள ஒரே எரைச்சலா இருக்கும். கல்யாண மண்டபத்துல ஜெனரேட்டர் ஓடுற மாதிரி. அது கேட்டாலே வரப்போவுதுன்னு தெரிஞ்சிடும்."

கைருன்னிஸா அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

"எனக்கு அடுப்பு எரியிற மாதிரி கேக்கும்," என்றாள்.

ஜஸீலா நிமிர்ந்து பார்த்தாள். "ஒங்களுக்கா?"

"எனக்குந்தான். ஒன்னயத்தான் நான் பாத்தேன்."

இருவருக்கும் நம்பிக்கை வந்துவிடவில்லை. எது பொய் என்று தெரியவில்லை, அவ்வளவுதான். கடைசியில் கைருன்னிஸாதான் ஒரு வழி சொன்னாள். "நாளைக்கு மத்தியானம் நீ தூங்கு. நான் நாக்காலி போட்டுக்கிட்டு ஒன் ரூம் வாசல்லயே உக்காந்திருக்கேன். யாரு வர்றான்னு பாத்துடுவோம்."

"வர்றது நீங்களா இருந்தா?"

"நான் நாக்காலிய விட்டு எந்திரிச்சா நாக்காலி சத்தம் போடும். அது கால் ஆடுற நாக்காலி."

கத்தி தலையணைக்கடியிலேயே இருக்கட்டும் என்றாள் ஜஸீலா. இருக்கட்டும் என்றாள் மாமியும்.

முதல் இரண்டு நாள் ஒன்றும் நடக்கவில்லை. ஜஸீலா தூங்கி எழுந்தாள். கைருன்னிஸா கடையைக் கருப்பையன் பொறுப்பில் விட்டுவிட்டு வாசற்படியில் காவல் இருந்தாள். மூன்றாவது நாள் ஜஸீலா மல்லாந்து படுத்துக் கொஞ்ச நேரத்திலேயே மூச்சு மாறியது. கைருன்னிஸா கூர்ந்து பார்த்தாள். பிள்ளையின் இமை பாதி திறந்திருந்தது. உள்ளே கருவிழி இங்கும் அங்கும் ஓடியது. கை கால் மரக்கட்டை மாதிரி கிடந்தது. தொண்டைக்குள்ளிருந்து பூனைக்குட்டி முனகுகிற மாதிரி ஒரு சத்தம். கைருன்னிஸா அறை முழுக்கக் கண்ணால் துழாவினாள். கட்டிலருகில் யாருமில்லை. ஜன்னலில் யாருமில்லை. அவள் நாற்காலியைவிட்டு அசையவில்லை.

"ஜஸீலா!" என்று சத்தமாகக் கூப்பிட்டாள். முனகல் அதிகமானது. இன்னொரு முறை கூப்பிட்டதும் ஜஸீலா வீறிட்டுக்கொண்டு எழுந்து உட்கார்ந்தாள். கை தலையணைக்கடியில் போயிற்று.

"இப்ப என் நெஞ்சு மேல உக்காந்தீங்க!" என்று கத்தினாள். "இப்பதான்! வெயிட்டு இன்னும் இருக்கு!"

கைருன்னிஸா நாற்காலியில் இருந்தபடியே இருந்தாள். வாசற்படிக்கும் கட்டிலுக்கும் இடையில் இருந்த தூரத்தை ஜஸீலாதான் தன் கண்ணால் அளந்தாள். மாமி அங்கிருந்து இங்கே வந்து, உட்கார்ந்து, திரும்பிப் போயிருக்க முடியாது. அவள் கை தலையணைக்கடியிலிருந்து கத்தி இல்லாமல் வெளியே வந்தது.

கைருன்னிஸாவின் நெஞ்சிலும் ஏதோ ஒன்று கழன்றது. தான் அந்தப் பிள்ளையைத் தொடவில்லை என்று அவளுக்கு நிச்சயமாகத் தெரியும். அப்படியானால் அந்தப் பிள்ளையும் தன்னைத் தொட்டிருக்க மாட்டாள். அதுவரை சேர்த்து வைத்திருந்த குற்றமெல்லாம் அந்த ஒரு நிமிஷத்தில் பொருளற்றுப் போனது. ஆனால் உடனே வேறொரு பயம் வந்தது. நானும் இல்லை, அவளும் இல்லை என்றால், இந்த வீட்டில் யார்?

அந்தக் கேள்வியோடுதான் இருவரும் டாக்டர் நித்யஸ்ரீயிடம் போனார்கள். சின்ன வயது டாக்டர். முழுவதையும் கேட்டுவிட்டு, சிரிக்காமல் பதில் சொன்னார்.

"கனவு காணுறப்ப ஒடம்பு அசையாம மூளையே பூட்டி வச்சிடும்மா. இல்லன்னா கனவுல ஓடுறவங்க கட்டில விட்டு எந்திரிச்சு ஓடிடுவாங்க. சில சமயம் பூட்டு திறக்கறதுக்கு முந்தியே முழிப்பு வந்துடும். கண்ணு முழிச்சிருக்கும், ஒடம்பு பூட்டியிருக்கும், கனவும் முழுசா முடிஞ்சிருக்காது. அதான் யாரோ நிக்கிற மாதிரி, அமுக்குற மாதிரி தெரியுது. நெறய பேருக்கு வரும். உயிருக்கு ஆபத்து இல்ல."

"ரெண்டு பேருக்கும் ஏம்மா ஒண்ணா வருது?" என்றாள் கைருன்னிஸா. பதில் இவ்வளவு லேசாக இருப்பதே அவளுக்குச் சந்தேகமாக இருந்தது.

"சரியாத் தூங்காதவங்களுக்கு, மல்லாந்து படுக்கிறவங்களுக்கு, மனசுல கவலை இருக்கிறவங்களுக்கு அதிகமா வரும். ராத்திரி எப்பப் படுப்பீங்க?"

"அவரு போன் வந்தப்புறந்தான் தூங்குவேன்," என்றாள் ஜஸீலா. "நடுராத்திரி தாண்டிடும்."

"நீங்கம்மா? ஒங்களுக்கும் போன் வருமா?"

கைருன்னிஸா சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்தாள்.

"நான் பேசி முடிக்கிற வரைக்கும் மாமி முழிச்சிருப்பாங்க," என்றாள் ஜஸீலா. குரலில் கோபம் இல்லை. "சுவத்துக்கு அந்தப் பக்கம் கட்டில் கிறீச்சுன்னு சத்தம் வரும்."

கைருன்னிஸாவுக்கு முகம் சூடானது. டாக்டர் அதைக் கவனிக்காத மாதிரி அடுத்த கேள்விக்குப் போனார். "குடும்பத்துல வேற யாருக்காவது இப்படி இருக்கா? சில குடும்பத்துல வழிவழியா வரும்."

மாத்திரை எதுவும் எழுதவில்லை. ஒருக்களித்துப் படுங்கள், நேரத்துக்குத் தூங்குங்கள், மத்தியானத் தூக்கத்தைக் குறையுங்கள், வரும்போது பயப்படாமல் கால் கட்டைவிரலை மட்டும் அசைக்கப் பாருங்கள், அடிக்கடி வந்தால் திரும்ப வாங்க என்றார். மருந்து எழுதாத டாக்டரை நம்பலாமா என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டே வந்தாள் கைருன்னிஸா.

ஆனால் கடைசிக் கேள்வி அவளை விடவில்லை. ஆட்டோவை நேராகத் தம்பி வீட்டுக்கு விடச் சொன்னாள். ஜவஹர் அலி வாசலில் பைக் துடைத்துக்கொண்டிருந்தார். அவள் சொல்லச் சொல்ல அவர் கைத்துணி நின்றுபோனது.

"ஒனக்கும் உண்டா?" என்றாள்.

"உண்டு லாத்தா. ஜித்தாவுல இருந்தப்பலேருந்து. மொதல்ல ரூம்ல கூட இருந்தவன் மேல சந்தேகப்பட்டு அவனோட அடிச்சிக்கிட்டேன். பொறவு ஜின்னுன்னு நெனச்சிக்கிட்டேன்."

"இத்தன வருஷம் சொல்லவே இல்லயேடா! பிள்ளைக்கு வந்தப்பவாச்சும் சொல்லியிருக்கலாமில்ல?"

"பிள்ளைக்கு வந்தது எனக்கு எங்க தெரியும்? அவ சொல்லல. நானும் சொல்லல. சொன்னா புத்தி பெரண்டுடுச்சின்னு சொல்லுவீங்க."

ஜஸீலா தன் வாப்பாவை இப்போதுதான் முதன்முதலாகப் பார்க்கிற மாதிரி பார்த்தாள். கைருன்னிஸா தம்பியைத் திட்ட வாயெடுத்தாள், விட்டுவிட்டாள். அவளும்தான் யாரிடமும் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு இஃபாத்தின் போன் அவன் வேலைக்குப் போகுமுன் காலையில் வந்தது. சுவருக்கு இந்தப் பக்கம் கேட்பதற்கு ஒன்றுமில்லாததால் கைருன்னிஸாவும் தூங்கினாள். அது அடியோடு நின்றுவிடவில்லை. எப்போதாவது ஒரு மத்தியானம் அந்த இரைச்சல் வரும். அப்போதும் கட்டிலருகில் வந்து நிற்பவள் முழுக்கத் தன் மனதின் வேலைதானா என்று அவளுக்குத் தீர்மானமாகச் சொல்லத் தெரியாது. டாக்டர் ஜின்னைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லையே, இல்லை என்றுகூடச் சொல்லவில்லையே என்பாள். ஆனால் ஜஸீலாவை அவள் மறுபடி சந்தேகிக்கவில்லை. ஜஸீலா சாயங்காலங்களில் கடைக்கு வர ஆரம்பித்தாள்.

விஷயம் மெல்ல வெளியே தெரிந்தது. பாத்திரம் எடுக்க வரும் பெண்களில் சிலர் குரலைத் தாழ்த்தி, எனக்கும் அப்படித்தான் என்றார்கள். கைருன்னிஸா அவர்களைப் போலீஸ்காரி மாதிரி விசாரிப்பாள். மல்லாந்தா படுக்குறே? ராத்திரி செல்லு பாக்குறியா? யார் மேல சந்தேகம்? கடைசிக் கேள்விக்குப் பெரும்பாலும் நாத்தனார் பேரோ மாமியார் பேரோதான் வரும். 'அவ இல்ல, போய் ஒருக்களிச்சுப் படு' என்று அனுப்பிவைப்பாள்.

கருக்களாச்சேரியிலிருந்து பிரதீபா என்று ஒருத்தி, அண்ணன் மகள் சடங்குக்கு அண்டா எடுக்க வந்தாள். அவள் புருஷன் படகோடு கடலில் போனவன், உடம்புகூடக் கிடைக்கவில்லை. பேச்சு வாக்கில் கைருன்னிஸா அமுக்குவானைப் பற்றியும் டாக்டரிடம் போனதைப் பற்றியும் சொல்ல, பிரதீபா இடைமறித்தாள்.

"எனக்கும் வரும்க்கா. எங்கூட்டுக்காரருதான் வருவாரு."

"அது ஒன் மனசும்மா. ஒருக்களிச்சுப்..."

"வந்து நெஞ்சு மேல உக்காருவாரு. சட்டையெல்லாம் ஈரமா இருக்கும். மூச்சு முட்டும்தான். ஆனா கொஞ்ச நேரம் இருப்பாருல்ல? அதுக்காவ நான் மல்லாந்தேதான் படுக்குறது."

கைருன்னிஸா பழக்கதோஷத்தில் அவள் முகத்தைப் பார்த்தாள். எதையும் மறைக்கிற முகமாக அது இல்லை. எச்சில் விழுங்கவில்லை, கண்ணைத் தாழ்த்தவும் இல்லை. உள்ளே சஹன்களை அடுக்கிக்கொண்டிருந்த ஜஸீலாவின் கை நின்றிருந்தது.

"அந்த டாக்டரு ஏதோ சொன்னாங்கன்னீங்களே, என்னதுக்கா?" என்றாள் பிரதீபா.

"பெருசா ஒண்ணுமில்ல," என்றாள் கைருன்னிஸா. பிறகு கருப்பையனைக் கூப்பிட்டு, பெரிய அண்டாவை முதலில் ஏற்றச் சொன்னாள்.